ஐந்தாவது கால்

கடற்கரைக் கோயில், புலிப்பக்கம்
1984 நவம்பர் 26

டிராகன் பக்கத்து மேஸ்திரி சுவா தெக்-ஹாய் அவர்களுக்கு,

புலிப்பக்கத்து வேலையை, வலது கை முடங்கிப்போன அப்பா சார்பில் ஏற்றுக்கொண்டிருக்கும் சங் பிக்-ஹா எழுதுவது. நான் உங்கள் மனைவியும்கூட. ஆனால் இந்தக் கடிதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நேற்று கடல்தெய்வமான மாட்சோ அம்மன் முன்னால் இரண்டு பக்கத்தாரும் செய்த சத்தியம் உங்களுக்கு நினைவிருக்கும் என்று நம்புகிறேன். இந்தக் கோயிலைக் கட்டியபோது இடது பாதியான டிராகன் பக்கத்தை உங்கள் முப்பாட்டனும் வலது பாதியான புலிப்பக்கத்தை எங்கள் முப்பாட்டனும் போட்டி போட்டுச் செதுக்கினார்கள். நடுவில் துணி கட்டி, ஒருவர் வேலையை ஒருவர் பார்க்காமல், பேசாமல். இப்போது பழுதுபார்க்கும் வேலையும் அப்படியே நடக்கட்டும் என்று ஊர் முடிவு செய்திருக்கிறது. வேறு வழியும் இல்லை. எங்கள் கல்லை உங்கள் வீட்டார் தொட நாங்கள் விடமாட்டோம், உங்கள் கல்லை நாங்கள் தொட நீங்கள் விடமாட்டீர்கள். அம்மன் பிறந்தநாளில் தடுப்பு இறங்கும்வரை எட்டிப் பார்க்கக் கூடாது, குரல் கொடுக்கக் கூடாது. அந்தக் காலத்தில் பட்டுத்துணி கட்டினார்களாம். நம் கோயில் தலைவர் லிம் தன் மீனுருண்டைக் கம்பெனியிலிருந்து நீலமும் சிவப்பும் கோடு போட்ட தார்ப்பாயைக் கொண்டுவந்து கட்டியிருக்கிறார். காற்றடித்தால் இரண்டு பக்கமும் சமமாக நாறுகிறது.

கடிதம் எழுதலாமா என்று அம்மனிடம் கேட்டுவிட்டேன். குறி கேட்கும் பிறைக்கட்டை இரண்டையும் போட்டதில் ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாக்கவும் விழுந்தன. சம்மதம். ஆகவே என் முதல் புகார்: நீங்கள் பாடுகிறீர்கள். பெண்டாட்டி ஓடிப்போன மீனவன் பாட்டை நேற்று மட்டும் எத்தனை தடவை பாடினீர்கள் என்று எனக்குத் தெரியும், இந்தப் பக்கத்து ஆட்களுக்கும் தெரியும். அது பாட்டா பேச்சா என்று தலைவரிடம் கேட்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது விஷயம். போன மாதப் பூகம்பத்தில் உங்கள் கல்பலகையில் செதுக்கியிருக்கிற குதிரையின் கால் ஒன்று விழுந்துவிட்டதாகக் கேள்வி. எந்தக் கால் என்று கேட்க வேண்டியதில்லை. ஐந்தாவது கால். அதைத் திரும்ப ஒட்ட வேண்டாம் என்று தலைவர் சொன்னதாகவும் நீங்கள் மகிழ்ச்சியாகத் தலையாட்டியதாகவும் ஆ-மியாவ் அக்கா சொன்னாள்.

நான் எப்போது வீட்டுக்குத் திரும்புவேன் என்று உங்கள் அம்மா கேட்டனுப்பினார். அவருக்கும் உங்களுக்கும் சேர்த்துப் பதில். தடுப்பு இறங்கும் நாளில் உங்கள் பக்கம் வந்து அந்தக் குதிரையைப் பார்ப்பேன். செத்துப்போன ஒருவர் செய்ததைத் திருத்தாமல் விட உங்களால் முடிந்திருந்தால், உயிரோடிருக்கிற நான் செய்வதையும் விட முடியும் என்று நம்பி, பெட்டியோடு வருவேன். இல்லாவிட்டால் பெட்டி அப்பா வீட்டிலேயே இருக்கும்.

இப்படிக்கு,
சங் பிக்-ஹா

இதைக் கொண்டுவருகிற ஊதுபத்திக்கடை ஆ-மியாவ் அக்காவுக்கு: படிப்பதாக இருந்தால் கையைத் துடைத்துக்கொண்டு படிக்கவும். போன சீட்டில் மஞ்சள் ரேகை இருந்தது.

*

டிராகன் பக்கம்
நவம்பர் 28

பிக்-ஹா,

நீங்கள் நீங்கள் என்று எழுதியிருக்கிறாய். யாரோ பெரிய மனுஷர் பின்னால் நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். அம்மாதான் நின்றுகொண்டு என் தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டிருந்தாள். "பெட்டி எவ்ளோ பெருசு? எடுத்துட்டு வர ஆள் அனுப்பவா?" என்கிறாள்.

முதலில் அந்தச் சிங்கம். மீனவர் சங்கத்துக்கு நீ செய்த சிங்கத்தின் வாயை நான் திருத்தவில்லை. கோணலை எடுத்தேன், அவ்வளவுதான். நீ சந்தைக்குப் போயிருந்தாய், கையில் உளி இருந்தது, வாய் கோணலாக இருந்தது. நீ திரும்பி வந்து பார்க்கும்போது ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். ஆச்சரியமாகத்தான் இருந்தது உனக்கு. சுத்தியல் என் காதை உரசிக்கொண்டு போயிற்று, நீ பெட்டியோடு அப்பா வீட்டுக்குப் போனாய். நீ அன்றைக்குச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அது கோணல் இல்ல, சிரிப்பு. நீ சிரிப்பைச் செதுக்கி எறிஞ்சிட்ட." சிரிப்பு என்று ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். அநேகமாக விட்டிருப்பேன்.

இப்போது குதிரை. உனக்கு இது விளையாட்டு. நான் பள்ளிக்கூடத்தில் என் பேரால் கூப்பிடப்பட்டதே இல்லை. ஐங்கால் வீட்டுப் பையன். நம் கல்யாண விருந்தில் எல்லோருக்கும் பன்றிக்கால் சேமியா வைத்த உன் சித்தப்பா என் தட்டில் மட்டும் ஐந்து துண்டு வைத்து, "உங்க வீட்டுக் கணக்கு மாப்ளே" என்றார். பந்தியே சிரித்தது. நீயும் சிரித்தாய், முகத்தை மூடிக்கொண்டு. நாலு தலைமுறையாக உங்கள் வீட்டுக்கு இந்தக் குதிரைதான் பொழுதுபோக்கு. முப்பாட்டன் காலைத் தூக்கி வைத்ததுபோலச் செதுக்கினார், சாப்பிடப் போனார், திரும்பி வந்து அதே காலை ஊன்றி வைத்ததுபோலவும் செதுக்கிவிட்டார். மனுஷனுக்குப் பசி.

அந்தத் தப்பைப் பூகம்பமே வந்து திருத்தியிருக்கிறது. நான் ஒரு உளிகூட எடுக்கவில்லை. எது எப்படி இருக்கிறதோ அப்படியே விடு என்பதுதானே உன் சட்டம்? விட்டிருக்கிறேன். நாலு காலோடு நிற்கிறது, நிற்கட்டும். உன் சட்டப்படியே நான் நல்ல பிள்ளை.

கால் பத்திரமாக இருக்கிறது. துணியில் சுற்றி என் கருவிப்பெட்டியில் வைத்திருக்கிறேன். தூக்கி எறிய மனசு வரவில்லை, ஏன் என்று கேட்காதே.

பாட்டு, பாட்டுதான். தொண்டை என்னுடையது.

தெக்-ஹாய்

*

புலிப்பக்கம்
டிசம்பர் 15

மேஸ்திரி அவர்களுக்கு,

என் சட்டத்தை எனக்கே படித்துக் காட்டுவது அழகாக இருக்கிறது. விழுந்த பல்லை எடுத்து ஜேபியில் போட்டுக்கொண்டு, கிழவனுக்குப் பிறக்கும்போதே பல் கிடையாது என்று சொல்வது எந்த ஊர் வழக்கம்?

உங்கள் பக்கம் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா தெரியவில்லை. வெளியே வந்து பாருங்கள். கடலுக்குப் போகிறவர்கள் அந்தக் காலைத் தொட்டுவிட்டுப் படகேறுவது வழக்கம். இப்போது கால் இல்லை. விடிகாலையில் வந்து தடுப்புக்கு வெளியே நின்று, எதைத் தொடுவது என்று தெரியாமல் சாரத்து மூங்கிலைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். நேற்று ஒருவர் தலைவரின் மோட்டார் சைக்கிளைத் தொட்டுக் கும்பிட்டார். அரசாங்கப் பரீட்சை எழுதப் போகும் பிள்ளைகள் ஆ-மியாவ் அக்காவிடம் வந்து, "கால் எங்கக்கா போச்சு?" என்று கேட்கிறார்களாம். அவள் உங்கள் பட்டறையைக் கைகாட்டுகிறாள். பரீட்சை நெருங்கும்போது வாசலில் கூட்டத்தை எதிர்பாருங்கள்.

எங்கள் பக்கம் வேலை நன்றாக நடக்கிறது. இத்தனை வருஷத்து ஊதுபத்திப் புகையும் அதற்கு மேல் யாரோ புண்ணியவான் பூசிய எண்ணெய்ச் சாயமும் கல்லை மூடியிருக்கின்றன. காகிதத்தை ஊறவைத்துக் கூழாக்கிக் கல்லில் பற்றுப் போட்டு, ஈரம் இறங்கியதும் எடுத்து, மென்மையான தூரிகையால் துடைக்கிறேன். விரலளவு இடத்துக்கு ஒரு நாள் ஆகிறது. எங்கள் பலகையில் இருக்கும் தளபதியின் முகம் வந்துவிட்டது. என்ன முகம். இனி குதிரை. எங்கள் குதிரைக்கு நாலு கால். எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமே யாருக்கும் வந்ததில்லை.

வாடைக்காற்று தொடங்கிவிட்டது. முழங்காலுக்குக் கம்பளிப் பட்டை கட்டவும். அது அலமாரியில் மேல்தட்டில் இருக்கிறது. இது வேலையைப் பற்றிய குறிப்புதான், மேஸ்திரி முடங்கினால் ஊர் வேலை தாமதமாகும்.

சங் பிக்-ஹா

*

டிராகன் பக்கம்
1985 பிப்ரவரி 9

பிக்-ஹா,

பட்டை மேல்தட்டில் இல்லை. இரண்டாம் தட்டில் இருந்தது. கட்டிக்கொண்டேன்.

நீ சொன்ன கூட்டம் வந்தது. பரீட்சைப் பிள்ளைகள் பட்டறை வாசலில் நின்றார்கள், துரத்த முடியவில்லை. கருவிப்பெட்டியைத் திறந்து துணியோடு நீட்டினேன். வரிசையாகத் தொட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்தன் இரண்டு தடவை வந்தான், கணக்குப் பாடத்துக்காம்.

நேற்று தலைவர் லிம்முக்குப் பயம் வந்துவிட்டது. அரசாங்கத்து ஆள் தைபேயிலிருந்து வந்து, பழைய போட்டோவில் ஐந்து கால் இருக்கிறதே என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது? ஒட்டினால் தொலைக்காட்சிக்காரன் வந்து ஐந்து காலைப் படம் பிடித்தால் ஊர் மானம் என்ன ஆவது? இரண்டு பக்கமும் இடி. "அம்மன்கிட்டயே கேட்டுருவோம்" என்று கட்டையை எடுத்தார். "கால் வேண்டாம்தானே தாயே?" என்று கேட்டுப் போட்டார். இரண்டு கட்டையும் மல்லாக்க விழுந்தன. உனக்குத் தெரியும், அப்படி விழுந்தால் சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. அம்மன் சிரிக்கிறாள். சரி, மாற்றிக் கேட்போம் என்று, "அப்போ கால் வேணுமா தாயே?" என்று போட்டார். மறுபடியும் சிரிப்பு. மூன்றாவது தடவை கேள்வியே கேட்காமல் போட்டார். சிரிப்பு.

தலைவர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். ஆ-மியாவ் அக்கா கடையிலிருந்தபடியே, "அவளுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு, நமக்குத் தெரியல" என்றாள். தலைவர் அவளை முறைத்துவிட்டு, சிரிப்பு என்றால் சந்தோஷம், சந்தோஷம் என்றால் சம்மதம், ஆகவே கால் வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டார்.

நம் புத்தாண்டு வருகிறது. அம்மா முள்ளங்கிப் பணியாரம் வேகவைக்கப் போகிறாள். அடுப்பைச் சுற்றி எல்லோரும் உட்காரும் அந்த ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும் வந்துவிட்டுப் போயேன். சத்தியம் கோயிலுக்குள்தான், வீட்டுக்குள் இல்லை. அம்மா உன் கிண்ணத்தை எடுத்துக் கழுவி வைத்திருக்கிறாள். நான் சொல்லவில்லை, அவளாக வைத்தாள்.

தெக்-ஹாய்

*

அப்பா வீடு
பிப்ரவரி 24

மேஸ்திரி அவர்களுக்கு,

வரவில்லை என்பது தெரிந்திருக்கும். பணியாரம் வந்து சேர்ந்தது. எதிரி வீட்டுப் பணியாரத்தைத் தொடமாட்டேன் என்று அப்பா இடது கையால் தள்ளினார். மத்தியானம் பார்த்தால் தட்டு காலி. பூனை என்றார். நம் வீட்டில் பூனை கிடையாது.

"நம் வீட்டில்" என்று எழுதிவிட்டேன். அப்பா வீட்டில் என்று படிக்கவும்.

பிக்-ஹா

*

புலிப்பக்கம்
மார்ச் 19

தெக்-ஹாய்,

நீ மட்டும் படி. ஆ-மியாவ் அக்கா, உன் காலைத் தொட்டுக் கேட்கிறேன், இதை மட்டும் பிரிக்காதே. பிரித்துவிட்டாய் என்றால் யாரிடமும் சொல்லாதே.

குதிரையின் முகம் முடிந்தது, வால் முடிந்தது. பின்னங்காலில் பற்றுப் போட்டு மூன்று நாள் விட்டிருந்தேன். இன்று காலையில் பற்றை எடுத்தேன். பற்றோடு காலும் வந்தது.

கல்லை உடைத்துவிட்டேன் என்று நினைத்துச் சாரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் அந்தத் துண்டைப் பிசைந்து பார்த்தேன். அது கல் இல்லை தெக்-ஹாய். சுதை. சிப்பிச் சுண்ணாம்பும் கஞ்சியும் சர்க்கரைப்பாகும் போட்டுக் குழைத்த சுதை, உப்புக்காற்றில் உள்ளே உளுத்துப்போய் வெறும் சாயத்தின் பிடிப்பில் நின்றிருக்கிறது. ஒடிந்த காலுக்குப் பதிலாக வைத்தது என்று நினைக்கிறாயா? நானும் அப்படித்தான் ஆசைப்பட்டேன். விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். அந்த இடத்தில் ஒடிந்த தழும்பே இல்லை. வழுவழுவென்று உளி ஓட்டி முடித்திருக்கிறார். எங்கள் முப்பாட்டன் மூன்று காலோடு குதிரையைச் செதுக்கி முடித்துவிட்டு, அப்புறம் எண்ணிப் பார்த்திருக்கிறார்.

நாலு தலைமுறை. உன் பன்றிக்கால் சேமியா. என் சித்தப்பாவுக்கு நான் என்ன சொல்வேன்? சித்தப்பா போகட்டும். அப்பாவுக்கு ஒரு கை போய்விட்டது. மிச்சம் இருப்பது இந்தப் பலகையின் பெருமை ஒன்றுதான். சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனதும், "குதிரை எப்படி இருக்கு?" என்றுதான் கேட்பார், சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கமாட்டார்.

உன் பெட்டியில் ஒரு கால் இருக்கிறது. சீனாவின் சுவான்சோவிலிருந்து ஒரே கப்பலில் பாரமாக ஏற்றிவந்த ஒரே கல். அளவு ஏறக்குறைய ஒன்றுதான், நீ சொல்லியிருக்கிறாய். குளம்பு கொஞ்சம் இழைத்தால் போதும். உன் குதிரைக்கு நாலு, என் குதிரைக்கு நாலு. தலைவருக்கும் திருப்தி, உன் வீட்டுக்கும் அவப்பெயர் போகும். நம் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆ-மியாவ் அக்காவைத் தவிர.

நான் இத்தனை நாள் பேசிய சட்டமெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எழுதிக் காட்டாதே. காலைக் கொடுத்தனுப்பு.

பிக்-ஹா

*

டிராகன் பக்கம்
மார்ச் 20

பிக்-ஹா,

முதலில் சிரித்தேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. சாரத்து மூங்கிலைப் பிடித்துக்கொண்டு, சத்தம் உன் பக்கம் வரக்கூடாது என்று சட்டையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தேன். என் அப்பா இருந்து இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அப்புறம் மறுபடியும் படித்தேன். நீ என்று எழுதியிருந்தாய். எழுத்தெல்லாம் ஆடியிருந்தது. பிக்-ஹா, உன் கை ஆடி நான் பார்த்ததே இல்லை. உன் அம்மா செத்த வருஷம்கூட நீ கல்லறைப் பலகையில் ஒரு கோடு பிசகாமல் வெட்டினாய்.

பெட்டியைத் திறந்து காலை வெளியே எடுத்தேன். துணியைப் பிரித்தேன். ஆ-மியாவ் அக்காவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். கொடுத்திருப்பேன், சத்தியமாக. கையில் பிடித்திருந்தபோதுதான் கவனித்தேன். குளம்புக்கு மேலே ஒரு பிடி இடம் சோப்புத்துண்டு மாதிரி தேய்ந்திருக்கிறது. அது முப்பாட்டன் இழைத்தது இல்லை. கடலுக்குப் போனவர்கள் தொட்டுத் தொட்டுத் தேய்ந்தது. என் அப்பாவும் தொட்டிருக்கிறார். உன் அப்பாவும் யாரும் பார்க்காதபோது தொட்டிருப்பார், உன்னைப் பெற உன் அம்மா படுத்திருந்த அன்று அவரை இந்தப் பக்கம் பார்த்ததாக என் அம்மா சொல்வாள். இதை உன் குதிரைக்கு இழைத்து வைத்தால் அந்தக் கைகளையெல்லாம் இழைத்துத் தள்ளியதாக ஆகும். அதை என்னால் செய்ய முடியாது. எந்தக் கல்லைக் கண்டாலும் உளி எடுக்கிற எனக்கே முடியவில்லை, பார்த்துக்கொள்.

நீ இன்னொரு தடவை கேட்டால் கொடுத்துவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் துளை போட்டு, துருப்பிடிக்காத கம்பியைச் செருகி, காலை அது இருந்த இடத்திலேயே ஒட்டிவிட்டேன். தலைவர் கண்ணில் படாமல் மேலே சாக்குக் கட்டியிருக்கிறேன். காய்ந்துகொண்டிருக்கிறது. இனி நீ அழுதாலும் கொடுக்க வழியில்லை.

உன்னைத் திரும்ப வரவழைக்க ஒட்டினேன் என்று நினைக்காதே. காலைக் கொடுத்திருந்தால் நீ இன்றைக்கே வந்திருப்பாய், அது தெரியாத முட்டாள் இல்லை நான். ஆனால் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் குதிரைக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு போவாய். குனிந்த தலையோடு நீ எனக்கு வேண்டாம். நான் ஒரு சிங்கத்தின் வாயைத் தொட்டதற்கு நீ சுத்தியலை எறிந்தாய். எறிந்தது சரி என்று இன்றைக்குத்தான் எனக்குத் தோன்றுகிறது.

தெக்-ஹாய்

*

மார்ச் 21

கல்நெஞ்சக்காரனுக்கு,

கடிதம் கிடைத்தது. இனி எனக்கு எழுத வேண்டாம்.

பிக்-ஹா

எந்தப் பசை போட்டாய்? சந்தை முனைக் கடையில் வாங்கியது என்றால் இரண்டு மழையில் மஞ்சளாகிவிடும். விளிம்பில் வழிந்ததைக் காய்வதற்குள் துடைத்தாயா?

*

புலிப்பக்கம்
ஏப்ரல் 22

தெக்-ஹாய்,

எழுத வேண்டாம் என்றால் எழுதாமல் இருப்பாய் என்று நான் நினைக்கவில்லை. ஒரு மாதமாக நீ பாடவும் இல்லை. இந்தப் பக்கத்து ஆட்கள், "மேஸ்திரிக்கு உடம்பு சரியில்லையா?" என்று என்னைக் கேட்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும்? பாடித் தொலை.

கோபத்தில் நான் புதுக்கல்லில் ஒரு கால் வெட்டினேன். நன்றாகவே வந்தது. பலகையில் பொருத்திப் பார்த்தேன். முப்பாட்டனின் குதிரைக்கு நான் கால் கொடுத்ததுபோல இல்லை, அவர் கையைத் தட்டிவிட்டதுபோல இருந்தது. கீழே இறங்கி அந்தக் காலை உடைத்தேன். பிறகு சிப்பி சுட்டு, நீற்றி, கஞ்சி காய்ச்சி, சர்க்கரைப்பாகு விட்டு அரைத்து, அவர் செய்ததுபோலவே சுதையில் கால் பிடித்தேன். இரண்டு தடவை இற்று விழுந்தது. ஒரு தடவை எறும்பு மொய்த்தது. கடைசியாக நின்றுவிட்டது. சாயம் பூசவில்லை. வெள்ளையாக விட்டிருக்கிறேன். பார்க்கிறவர்களுக்கு எது கல், எது சுதை என்று தெரியட்டும்.

அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் குச்சிகளை வைத்துவிட்டு எழுந்து போனார். அதன்பிறகு என்னோடு பேசவில்லை. குதிரை எப்படி இருக்கிறது என்றும் கேட்பதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பிக்-ஹா

*

மே 10

தெக்-ஹாய்,

என் வேலை முடிந்தது. கூடப்பிறந்த அக்கா வீட்டுக்கு, பெங்ஹு தீவுக்குப் போகிறேன். வேர்க்கடலைக்குக் களை எடுக்க ஆள் வேண்டுமாம்.

தடுப்பு இறங்கும்போது நான் அங்கே இருக்கமாட்டேன். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன், நின்று பார்க்கத்தான் தைரியம் இல்லை. ஊர் சிரிக்கும்போது அப்பாவின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? உன் பக்கத்தை வந்து பார்ப்பேன் என்று சொல்லியிருந்தேன். பார்க்கவில்லை. ஒட்டிவிட்டேன் என்று நீ எழுதினாய், அது போதும்.

பிக்-ஹா

*

பட்டறை
மே 13

பிக்-ஹா,

இதைத் தபாலில் போடுகிறேன். ஆ-மியாவ் அக்கா தானே படகில் கொண்டுவருவதாகச் சொன்னாள், வேண்டாம் என்றேன். நேற்று நடந்ததை அவள் வாயால் கேட்டால் உனக்குப் பாதிதான் உண்மையாக வரும்.

ஊரே வந்திருந்தது. தொலைக்காட்சிக்காரர்களும் வந்திருந்தார்கள். வெடி வெடித்து, சங்கு ஊதி, தலைவர் புதுச் சட்டையில் நின்று தார்ப்பாயை அவிழ்த்தார். முதலில் என் பக்கம். சாக்கை நானே எடுத்தேன். ஐந்து காலையும் பார்த்ததும் தலைவர் முகம் அவருடைய மீனுருண்டை நிறத்துக்குப் போய்விட்டது. "என்னய்யா இது? வேண்டாம்னுதானே முடிவு பண்ணோம்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மீனவர்கள் வரிசையில் நின்றுவிட்டார்கள். அரை வருஷம் தொடாமல் இருந்தவர்கள். ஒருவர் தொட்டதற்கு மேல் தலைவரால் என்ன செய்ய முடியும்?

பிறகு உன் பக்கம். பிக்-ஹா, என்ன வேலை. அந்தத் தளபதியின் கண்ணிமை கல் என்று யார் சொல்வார்கள்? அப்போது உன் சித்தப்பா முன்னால் வந்து, "அதென்ன, ஒரு கால் மட்டும் வெள்ளையா இருக்கு?" என்றார்.

எனக்கு வாய் துறுதுறுத்தது. உனக்குத் தெரியும் என் வாய். உன் சார்பில் விளக்கம் சொல்லலாம், உன்னைக் காப்பாற்றலாம், நாலு வார்த்தையில் எல்லாவற்றையும் சரிக்கட்டலாம். பல்லால் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். அது உன் குதிரை. நான் தொடவில்லை.

உன் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பலகைக்கு முன்னால் நின்றார். இடது கையை நீட்டி அந்த வெள்ளைக் காலைத் தடவினார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எங்க பாட்டனுக்கு ஒரு கால் கொறஞ்சு போச்சு. சுதையில வெச்சு மறைச்சிட்டாரு. எம் பொண்ணு கண்டுபிடிச்சா. மறைக்கல" என்றார். விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "கால் நல்லா புடிச்சிருக்கா" என்றார்.

கூட்டம் இரண்டு குதிரையையும் மாறி மாறிப் பார்த்தது. யாரோ வாய்விட்டு எண்ணினார்கள். ஐந்து, மூன்று. உன் சித்தப்பா முதலில் சிரித்தார், அப்புறம் எல்லோரும். நான் பயந்துகொண்டே உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பக்கத்தில் ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தார். "உங்க வீட்டுல ஒண்ணு அதிகம், எங்க வீட்டுல ஒண்ணு கம்மி. துணியைக் கட்டாம இருந்திருந்தா அன்னிக்கே பேசி முடிச்சிருப்பாங்க, முட்டாப்பசங்க" என்றார். என் அப்பன் பாட்டனை யாராவது முட்டாள் என்றால் நான் சும்மா இருக்கமாட்டேன். நேற்று சும்மா இருந்தேன்.

தலைவருக்கு மட்டும் நிம்மதி இல்லை. "அம்மனுக்குத் திருப்தியான்னு கேட்டுருவோம்" என்று கட்டையைப் போட்டார். மல்லாக்க, சிரிப்பு. மறுபடி போட்டார், சிரிப்பு. மறுபடி, சிரிப்பு. தொலைக்காட்சிக்காரன் படம் பிடித்துக்கொண்டே இருக்கிறான், தலைவருக்கு வேர்த்துவிட்டது. நாலாவது தடவை கட்டையைக் கையில் எடுத்தபோது ஆ-மியாவ் அக்கா தடுத்துவிட்டாள். "விடுங்க தலைவரே, சிரிக்கட்டும். நூத்தம்பது வருஷமா ரெண்டு குதிரையையும் பாத்துக்கிட்டு எப்படி அடக்கிட்டு உக்காந்திருந்தாளோ."

உன் அப்பா எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். பணியாரம் இருக்கிறதா என்று கேட்டார். அம்மா, "பூனைக்குக் குடுத்துட்டேன்" என்றாள். உன் பூனைக் கடிதத்தையும் அவள் என் தோளுக்கு மேலாகப் படித்திருக்கிறாள், நான் கிண்ணத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

நீ வா என்று எழுதக் கூடாது என்று நினைத்துத்தான் இவ்வளவு தூரம் எழுதிவந்தேன். அடக்க முடியவில்லை. பிக்-ஹா, சாரத்தில் உன் சுத்தியல் சத்தம் தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தவரை எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்று காலை பட்டறையில் என் சத்தம் மட்டும் கேட்டது. வேலை ஓடவில்லை.

தெக்-ஹாய்

*

பெங்ஹு
மே 18

அன்புள்ள தெக்-ஹாய்க்கு,

உன் கடிதத்தை அக்கா சத்தமாகப் படிக்கச் சொன்னாள். அப்பா காலைத் தடவிய இடம் வந்ததும் என்னால் படிக்க முடியவில்லை. அவள் வாங்கிப் படித்தாள். அவளாலும் முடியவில்லை. அத்தான்தான் மிச்சத்தைப் படித்தார்.

நீ நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாய் என்பதை இங்கே யாரும் நம்பவில்லை. நான் நம்புகிறேன்.

செவ்வாய்க்கிழமைப் படகில் வருகிறேன். கொஞ்சம் வேர்க்கடலை இருக்கிறது, பெட்டி கனம். துறைக்கு வந்துவிடு. நான் இறங்கியதும் என்ன பேசலாம் என்று இப்போதிருந்தே யோசித்து வைக்காதே, நீ யோசித்துப் பேசினால் எனக்குக் கோபம்தான் வரும்.

தெருவில் கேட்பார்கள். உன் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வை. நான் தோற்றுப்போய் வரவில்லை. வேலை முடிந்து வருகிறேன்.

உன்
பிக்-ஹா